கிறிஸ்துமஸ் வெள்ளையும் ஈரச் சுவரும்

மார்கழி நெருங்கும்போது நம் பங்குகளில் ஓர் ஓட்டம் பிறந்துவிடும். குடில் கட்டுவதற்கு வைக்கோலும் மூங்கிலும் தேடும் இளைஞர் ஒரு பக்கம். பலகாரத்துக்கு மாவு இடித்து வைக்கும் தாய்மார் ஒரு பக்கம். ஏணியும் வாளியுமாக வெள்ளையடிக்க ஆள் தேடி அலையும் குடும்பத் தலைவர் ஒரு பக்கம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் வீட்டுச் சுவர் வெளுத்திருக்க வேண்டும் என்பது நம் முன்னோர் விட்டுச் சென்ற வழக்கம். அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால், அன்பார்ந்த குடும்பத்தாரே, அந்த வழக்கம் எந்தப் பொருளை நம்பி ஏற்பட்டதோ, அந்தப் பொருள் இன்று பெரும்பாலான வீடுகளில் இல்லை. பொருள் மாறிவிட்டது; நாள் மாத்திரம் மாறவில்லை. அதன் விளைவாக, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணம் தை, மாசி மாதங்களில் சுவரிலிருந்து செதில் செதிலாக உதிர்வதைப் பல வீடுகளில் காண்கிறேன்.

நம் நாட்டின் கிழக்குக் கரையோரத்துக்கும் காவிரிப் படுகைக்கும் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அது அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓய்கிறது. ஆகவே ஆண்டு முழுவதிலும் சுவர்கள் மிக அதிகமாகத் தண்ணீர் குடித்து நிற்கும் காலம் கிறிஸ்துமஸ் காலமே. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நம் அண்டை வீட்டாருக்கும் இதே நிலைதான். அவர்களுக்கு மூன்று வாரம் கூடுதலாகக் கிடைக்கிறது, அவ்வளவே. இப்படி ஈரம் மிகுந்த நாள்களில் வெள்ளையடிக்கும் வழக்கத்தை நம் பாட்டனார்கள் ஏன் கைக்கொண்டார்கள்? அறியாமையாலன்று. அவர்கள் அடித்தது சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கு ஈரம் பகையன்று, நட்பு.

சுண்ணாம்பின் கதை விந்தையானது. சுண்ணாம்புக்கல்லை அல்லது கிளிஞ்சலைக் காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால், அதனுள் அடைபட்டிருந்த கரிவளி வெளியேறிவிடும். எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதன்மேல் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறாகும். அந்த நீற்றைச் சுவரில் பூசினால், காற்றிலிருக்கும் கரிவளியை மெல்ல மெல்ல உள்ளிழுத்துக்கொண்டு, மீண்டும் கல்லாகவே மாறிவிடும். காளவாயில் இழந்ததைச் சுவரில் திரும்பப் பெறுகிறது. இந்த மாற்றம் நிகழச் சிறிது ஈரம் வேண்டும். எனவேதான் தேர்ந்த வேலைக்காரர், சுண்ணாம்பு அடிப்பதற்கு முன் காய்ந்த சுவரில் தண்ணீர் தெளித்துக்கொள்வார். அடைமழையில் ஈரமான சுவரானால் அந்த வேலையும் மிச்சம்.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு. சுண்ணாம்புப் பூச்சு நுண்ணிய துளைகள் நிறைந்தது. சுவருக்குள் இருக்கும் ஈரம் அதன் வழியாக ஆவியாகி வெளியே போய்விடும். உள்ளே சிறைப்பட்டால்தானே தொல்லை? மேலும் அது கடுங்காரம் உடையதாகையால் பூஞ்சணமும் கிருமிகளும் அதில் எளிதில் தங்குவதில்லை. கொள்ளை நோய்க் காலங்களில் வீடுகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வெள்ளையடித்ததன் காரணமும் அதுவே. ஒரு கைப்பிடி உப்பும், சிறிது கஞ்சியோ வச்சிரமோ, கண்ணுக்குக் குளிர்ச்சியாய் ஒரு சிட்டிகை நீலமும் சேர்த்து அடித்தால், விழாவுக்கு வீடு தயார். ஏழைக்கும் எட்டும் விலை. அடுத்த ஆண்டு உதிர்ந்தால் மறுபடி ஒரு கை அடித்துக்கொள்ளலாம்.

பூச்சு வேலையிலும் சுண்ணாம்பே அரசோச்சியது. பழவேற்காடு ஏரிப் பகுதியில் கிளிஞ்சல் வாரிச் சுட்டு, நீற்றி, மணலோடு செக்கிலோ அம்மியிலோ மைபோல் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் கலந்து, கடைசிப் பூச்சில் முட்டையின் வெண்கருவும் தயிரும் மாக்கல் தூளும் சேர்த்துத் தேய்த்தார்கள். பளிங்குபோல முகம் தெரியும் அந்தப் பூச்சுக்கு ஆங்கிலேயர் ‘மெட்ராஸ் சுணாம்’ என்றே பெயர் சூட்டினர். நம் சுண்ணாம்பு என்னும் சொல்லே அவர்கள் நாவில் அப்படித் திரிந்தது. செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் கையால் தடவினால் வழுக்குகிற சுவர்களைக் காணலாம். ஒரு பூச்சு இறுகக் காத்திருந்து அடுத்த பூச்சு, பின் கூழாங்கல்லால் தேய்ப்பு என்று அந்த வேலை நாள்கணக்கில் நடந்தது. அவசரக்காரருக்கு அதில் இடமே இல்லை.

ஓவியம் தீட்டியவர்களும் ஈரச் சுண்ணாம்பின் இந்த இயல்பையே பயன்படுத்திக்கொண்டார்கள். பூச்சு ஈரமாயிருக்கும்போதே மண் வண்ணத்தைத் தண்ணீரில் குழைத்துத் தீட்டினால், சுண்ணாம்பு கல்லாகும்போது வண்ணமும் அதனோடு கல்லாகிவிடும். தஞ்சைப் பெரிய கோயிலின் சுற்று அறையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931 ஆம் ஆண்டில் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பல நூற்றாண்டு மேற்பூச்சுக்கு அடியில் இருந்தும் அவை நிறம் குன்றவில்லை. உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் உட்கூரையை மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை இதே முறையில்தான் தீட்டினார். அங்கேயும் ஈரம் ஒரு பாடம் புகட்டியது. வேலை தொடங்கிய சில மாதங்களில் ஓவியத்தின்மேல் பூஞ்சணம் படரவே, இது என் கலையன்று என்று பாப்பரசர் இரண்டாம் ஜூலியுசிடம் அவர் முறையிட்டார். கட்டடக் கலைஞர் ஜூலியானோ தா சங்கால்லோ வந்து பார்த்து, சாந்தில் தண்ணீர் மிகுந்துவிட்டதே காரணம் என்று கண்டு, அதைத் திருத்தும் வழியைக் காட்டினார் என்று அக்கலைஞரின் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். ஈரத்தோடு நட்புள்ள சுண்ணாம்புக்கே அளவு வேண்டியிருந்தது என்றால், மற்றவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இனி சிமெண்டுக்கு வருவோம். இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் கொத்தனார் 1824 ஆம் ஆண்டில் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் முதல் முயற்சி 1904 ஆம் ஆண்டில் சென்னையில் நடந்தது, அது நிலைக்கவில்லை. நெல்லைச் சீமையில் தாழையூத்து ஆலை 1949 ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் ஓரிரு தலைமுறைக்குள் கொத்தனாரின் கையிலிருந்து சுண்ணாம்பு நழுவிப் போயிற்று. வெள்ளையடித்த இடத்தை முதலில் டிஸ்டெம்பரும், பிறகு எனாமலும் எமல்ஷனும் பிடித்துக்கொண்டன. இவை தீயவை என்று நான் சொல்லவில்லை. சிமெண்டு விரைவில் இறுகும், வலிமை மிக்கது, இரும்போடு சேர்ந்து மாடி தாங்கும். எமல்ஷன் பூசிய சுவரைத் துணியால் துடைக்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் அது பெரிய வசதி. ஆனால் இவற்றின் குணம் வேறு. அந்தக் குணத்தை அறியாமல் பழைய நாள்காட்டியின்படி இவற்றைக் கையாள்வதுதான் தவறு.

இங்கே பலருக்கும் உள்ள ஒரு மயக்கத்தைத் தெளிவாக்க வேண்டும். சிமெண்டு ‘காய்ந்து’ இறுகுகிறது என்றே எண்ணுகிறோம். அப்படியன்று. சிமெண்டு தண்ணீரோடு கூடி, அந்தத் தண்ணீரைத் தன்னுள் கட்டிக்கொண்டு கல்லாகிறது. ஆதலால் பூசிய மறுநாள் முதல் குறைந்தது ஏழு நாளாவது காலையும் மாலையும் சுவரை நனைத்துவர வேண்டும். வெயிலில் அதை முன்கூட்டியே காயவிட்டால் இறுகாது. மணலாய் உதிரும், வலைபோல் வெடிக்கும். இறுகுவது ஒரு வேலை. உலர்வது இன்னொரு வேலை. இறுகத் தண்ணீர் வேண்டும். இறுகிய பின்னர், வண்ணம் ஏற்கும் அளவுக்கு உலரக் காற்றும் வெயிலும் நாள்களும் வேண்டும். ஏழு நாள் தண்ணீர் விட்டாயிற்று, எட்டாம் நாள் பட்டி பார்க்கலாம் என்று தொடங்குவது, குளித்த குழந்தைக்குத் தலை துவட்டாமலே சட்டை மாட்டுவது போன்றது.

புதுச் சுவருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். சாதாரணச் செங்கல் தன் எடையில் நூற்றுக்கு 20 பங்கு வரை தண்ணீர் குடிக்கலாம் என்று இந்தியத் தர விதி எல்லை வகுத்திருக்கிறது. மூன்று கிலோ எடையுள்ள கல் 600 கிராம் வரை குடிக்கலாம். அதில் பாதி, 300 கிராம் மட்டுமே குடித்தது என்று வைத்துக்கொள்வோம். பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றின் நான்கு சுவருக்கும் ஒன்பது அங்குலக் கனத்தில் ஏறக்குறைய 4000 கல் ஆகும். அப்படியானால் அந்த ஓர் அறைச் சுவர்களில் மட்டும் 1200 லிட்டர்! பூச்சுக்கலவையில் விட்டதும் ஏழு நாள் நனைத்ததும் தனி. இத்தனையும் அந்தச் சுவரின் முகத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த முகத்தில் நாம் வண்ணப் படலத்தை ஒட்டி மூடிவிட்டால் அது எங்கே போகும்?

வெளியே வரும் வழியை அது தானே உண்டாக்கிக்கொள்ளும். முதலில் கொப்புளம். பின்பு அது வெடித்து உரிதல். செங்கல்லிலும் மணலிலும் இருந்த உப்பை ஈரம் சுமந்து வந்து முகத்தில் வெண்பொடியாக விட்டுவிட்டு ஆவியாகும். ‘சுவர் பூத்துவிட்டது’ என்கிறோம். எனாமல் முதலிய எண்ணெய் வண்ணத்துக்கு நேர்வது இன்னும் வேடிக்கையானது. புதிய சிமெண்டுப் பூச்சு கடுங்காரம் உடையது. காரமும் எண்ணெயும் ஈரத்தில் கூடினால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள்: சவுக்காரம் ஆகும்! அதே சவுக்காரமாற்றம் சுவரில் நிகழ்ந்து, வண்ணம் பிசுபிசுத்து, நிறம் திரிந்து வழியும். பெயிண்டர் ஏமாற்றிவிட்டார், கடைக்காரர் கலப்படம் தந்துவிட்டார் என்று சண்டை போடுகிறோம். பல வேளைகளில் அவர்கள் இருவரும் நிரபராதிகள்.

ஆகவே புதிதாகப் பூசிய சுவருக்கு, நனைத்து முடித்த பின் நல்ல வெயில் காலத்திலேயே நான்கு முதல் ஆறு வாரம் விடுவது நன்று. மழைக்காலமாயின் வாரக்கணக்கு உதவாது. எண்ணெய் வண்ணமாயின் ஒரு கோடை கழியட்டும் என்பதே என் எண்ணம். உலர்ந்ததா என்று அறிய எளிய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்தில் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் தாளை எடுத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டும் நாடாவால் சுவரில் ஒட்டி, மாலையில் வைத்து மறுநாள் காலையில் பாருங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாய் நீர் கோத்திருந்தாலோ, சுவர் அவ்விடத்தில் கறுத்திருந்தாலோ இன்னும் பொறுக்க வேண்டும். ஒரே இடத்தில் பார்ப்பது போதாது. தரையை ஒட்டிய பகுதியிலும் குளியலறைக்குப் பின்சுவரிலும் பாருங்கள்.

இவ்விடத்தில் என் தொழிலோடு தொட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். வீடு மந்திரிப்புக்கு நாள் குறிக்க வருகிறவர்கள், அச்சடித்த அழைப்பிதழையும் கையோடு கொண்டு வந்துவிடுகிறார்கள். மாமன் வெளிநாட்டிலிருந்து வருகிறார், விடுமுறை பத்து நாள்தான், அதற்குள் முடிக்க வேண்டும். அவர் பயணச் சீட்டின் தேதியே சுவருக்கும் தேதியாகிறது! ஈர வாடை மாறாத அறையில் வண்ண நெடியும் சேர்ந்து, கைக்குழந்தைகள் இருமுவதை மந்திரிப்புச் செபத்தின் இடையே கேட்டிருக்கிறேன். வண்ணம் பூசாத வீட்டையும் தாராளமாக மந்திரிக்கலாம். தீர்த்தத்துக்கு எமல்ஷன் வேண்டியதில்லை. சாம்பல் நிறப் பூச்சோடு, அல்லது ஒரு கை சுண்ணாம்பு வெள்ளையோடு குடிபுகுந்து, அடுத்த கோடையில் வண்ணம் பூசிக்கொள்ளும் குடும்பத்தை யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். கடன் வாங்கி வீடு கட்டிய குடும்பத்துக்கு அந்த ஆறு மாத மூச்சு வாங்குதல் பணத்துக்கும் நல்லதுதானே. மாமன் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

வண்ணத்துக்கு முந்தியது பூச்சு. அங்கே கோணினால் மேலே எவ்வளவு விலையுயர்ந்த டப்பாவைத் திறந்தும் பயனில்லை. சிமெண்டு அதிகம் சேர்த்தால் பூச்சு உறுதியாகும் என்று வீட்டுக்காரர் கொத்தனாரை நெருக்குவது உண்டு. கொத்தனாரின் மறுப்பே சரி. சிமெண்டு மிகுந்த பூச்சு சுருங்கும்போது அதிகம் வெடிக்கும். உட்சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல், அரை அங்குலக் கனம். மழைபடும் வெளிச்சுவருக்கு ஒன்றுக்கு நான்கு அல்லது ஐந்து. முகம் வழவழப்பாக வேண்டும் என்று ஈரப் பூச்சின்மேல் வெறும் சிமெண்டுத் தூளைத் தூவித் தேய்ப்பது கெட்ட பழக்கம். முடிபோன்ற வெடிப்புகளுக்கு அதுவே விதை. தண்ணீர் விட்டுக் குழைத்த கலவையை அரை மணிக்குள் தீர்க்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் இறுகிப்போன கலவைக்கு மறுபடி தண்ணீர் ஊற்றி உயிர் கொடுக்கப் பார்ப்பதை வீட்டார் கண்டால் தயங்காமல் தடுக்கலாம்.

மணலைப் பார்த்து வாங்குவது இன்னொரு முக்கிய காரியம். ஆற்று மணல் அருகிவிட்டதால் பாறையை உடைத்துச் சலித்த மணலே இப்போது பெரும்பாலும் வருகிறது. பூச்சுக்கு என்று தனியாகச் சலித்ததைக் கேட்டு வாங்க வேண்டும். ஆற்று மணல் என்று எது வந்தாலும், ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதி மணலும் மேலே உப்பு நீரும் விட்டுக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலின்மேல் தனியே படியும் வண்டல் நூற்றில் எட்டுப் பங்குக்கு மேலிருந்தால் திருப்பி அனுப்பலாம். கடல் மணல் கூடவே கூடாது. கடற்கரைப் பங்குகளில் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சுவர் ஒருபோதும் உலராது, உள்ளிருக்கும் கம்பியும் துருப்பிடிக்கும்.

செங்கல் சுவரும் கான்கிரீட்டுத் தூணும் சேருமிடத்தில் வெடிப்பு ஓடுவதைப் பல வீடுகளில் காணலாம். வெயிலில் இரண்டும் ஒரே அளவாக விரிவதில்லை. அந்த இணைப்பின்மேல் கோழி வலையை விரித்து ஆணியடித்துப் பூசினால் பெரும்பாலும் தப்பலாம். செலவு சொற்பம், மறந்தால் ஆண்டுதோறும் பட்டி வைத்து அடைக்க வேண்டியதுதான்.

உட்கூரைப் பூச்சுக்குக் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் அது தலைக்கு மேலே இருப்பது. சுவருக்கு முன் அதையே முதலில் பூச வேண்டும். கான்கிரீட்டின் அடிப்பகுதி பலகையின் வழவழப்பை வாங்கியிருக்கும். அதை உளியால் நெருக்கமாகக் கொத்திவிட்டு, தூசி போகக் கழுவி, சிமெண்டுப் பால் தடவி, ஒன்றுக்கு மூன்று அல்லது நான்கு கலவையில் கால் அங்குலக் கனமே பூச வேண்டும். பள்ளத்தை மறைக்க ஓர் அங்குலம் ஏற்றினால் அந்தப் பாரமே அதைக் கீழே இழுக்கும். பழைய வீடுகளில் ஆண்டுக்கொரு முறை ஒரு கம்பால் உட்கூரையைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடம் கான்கிரீட்டை விட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள். அதன் கீழே தொட்டிலோ படுக்கையோ வேண்டாம். பழுப்புக் கறையும் நீளவாட்டில் வெடிப்பும் தெரிந்தால் உள்ளே கம்பி துருவேறுகிறது. துரு, இரும்பைவிட இரு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அதுவே பூச்சைத் தள்ளுகிறது. அதன்மேல் புதிதாகப் பூசி வண்ணம் அடிப்பது புண்ணை மூடிக் கட்டுவதாகும். பொறியாளரைக் கூப்பிட வேண்டிய இடம் அது. ஜிப்சப் பலகையால் பொய்க்கூரை அமைக்கும் நாகரிகம் இப்போது சிற்றூருக்கும் வந்துவிட்டது. அழகுதான், ஆனால் ஒழுகும் மாடியை மறைக்க அதைப் போடுகிறவர்கள், ஒழுக்கையும் வளர்த்து எலிக்கும் பல்லிக்கும் தங்குமிடமும் தருகிறார்கள்.

பாட்டனார் கட்டிய சுண்ணாம்பு வீட்டில் வாழும் குடும்பத்தாருக்கு ஒரு தனி விண்ணப்பம். அடிச்சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்ந்ததும், கொத்திவிட்டுக் கெட்டியாகச் சிமெண்டு பூசிவிடுங்கள் என்றுதான் எல்லாரும் ஆலோசனை சொல்வார்கள். தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். தரையிலிருந்து திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறும் ஈரம், சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஓரளவு ஆவியாகிக்கொண்டிருந்தது. சிமெண்டு அந்த வாயை அடைத்துவிடும். ஈரம் நிற்காது, சிமெண்டுக்கு மேலே இன்னும் உயரத்தில் போய் வெளிப்படும், உள்ளே மெத்தென்ற செங்கல்லையும் அரிக்கும். மூன்றடியில் நின்ற ஓதம் ஆறடிக்கு ஏறிவிட்டது என்று வருந்துகிறவர்களுக்கு நடந்தது இதுவே. பழைய பங்குக் கோவில்கள் பலவற்றின் உட்சுவர்கள், வெளியே சிமெண்டும் பளபளப்பான வண்ணமும் ஏற்றிய பிறகு ஈரம் கண்டதற்கும் இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. முதலில் மாடித் தண்ணீர் சுவரடியில் விழாமல் தள்ளிவிடுங்கள். சுவரை அணைத்துக் குவித்த மண்ணை அகற்றுங்கள். பிறகு சுண்ணாம்பைச் சுண்ணாம்பாலேயே பழுது பாருங்கள். நீற்றிய சுண்ணாம்பு இன்றும் கிடைக்கிறது. வேலை தெரிந்த முதிய கொத்தனார்கள் அருகிவருகிறார்கள் என்பதே கவலை. மரக்கட்டைகளின்மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக அடுக்கிய மெட்ராஸ் ஒட்டுக் கூரைக்கும் இதுவே விதி. அதன் அடியில் சிமெண்டைப் பூசி மூடினால் ஈரம் தேக்குக்கட்டையின் முனைகளில் தங்கி உளுக்கச் செய்யும்.

உலர்ந்த சுவரில் வண்ணம் பூசுவது அத்தனை கடினமன்று. பிரைமர் ஒரு கை, தேவையானால் பட்டி இரண்டு மெல்லிய கை, உப்புத்தாள் தேய்ப்பு, மறுபடி பிரைமர், பின்பு வண்ணம் இரண்டு கை. ஒவ்வொன்றும் காய்ந்த பின்னரே அடுத்தது. ஆனால் பழைய கதவு சன்னல்களில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. முன்னாளைய எனாமல் வண்ணங்களில், சிறப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் மிகுதியாகக் கலந்திருந்தது. 2016 ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த விதிகள்தாம், 2017 நவம்பர் முதல் நாளிலிருந்து, வீட்டு வண்ணங்களில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று கட்டுப்படுத்தின. அதற்கு முன் பூசியவை இன்னும் நம் சன்னல்களில் இருக்கின்றன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஆதலால் பழைய வண்ணத்தை உலர்ந்தபடியே சுரண்டவோ, எந்திரத்தால் தேய்க்கவோ, நெருப்புக் காட்டி உரிக்கவோ வேண்டாம். நனைத்துத் தேய்த்து, விழும் செதில்களை ஈரத்துணியால் துடைத்தெடுத்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். அந்நாள்களில் சிறு பிள்ளைகளும் கருவுற்ற பெண்களும் வேறு வீட்டில் இருக்கட்டும்.

நாள் எது என்று கேட்பீர்கள். மாசி முதல் வைகாசி வரை. அதாவது நம் தவக்காலமும் பாஸ்கா காலமும். சுவரைச் சுரண்டித் தூசி குடிப்பதைத் தவக்கால ஒறுத்தலாகவே வைத்துக்கொண்டு, உயிர்ப்பு விழாவுக்கு வீட்டைப் புதுக்கலாமே! கிறிஸ்துமசுக்கு வெள்ளை இல்லாமல் மனம் கேட்கவில்லையானால், முன்னமே சுண்ணாம்பு ஏறிய சுவர்களுக்குச் சுண்ணாம்பே ஒரு கை அடியுங்கள். எமல்ஷன் பூசிய சுவரில் அது பிடிக்காது. அங்கே நல்ல துணியும் சவுக்காரத் தண்ணீரும் போதும்.

இந்த வேலையைச் செய்கிறவர்கள் பலர் நம் பங்கு மக்களே. ஆதலால் அவர்களுக்கும், அவர்களை வேலைக்கு வைப்பவர்களுக்கும் சில வார்த்தை. பட்டியையும் கான்கிரீட்டையும் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலில் தங்கும். வாயில் கைக்குட்டை கட்டுவது போதாது, தூசி வடிக்கும் முகமூடியை வீட்டுக்காரரே வாங்கித் தருவது நியாயம். சாரத்துக்குக் காய்ந்த சவுக்கையும் அழுகிய கயிற்றையும் கொண்டு மிச்சம் பிடிக்காதீர்கள். கொத்தனார்களும் சித்தாள்களும் பெயிண்டர்களும், 1994 ஆம் ஆண்டில் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். விபத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உதவி பெற வழியுண்டு. பதிவைப் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள். சுண்ணாம்பு நீற்றும் பீப்பாயைப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் திறந்து வைக்க வேண்டாம். அது கொதிக்கும் எண்ணெய்க்கு ஒப்பானது. கண்ணில் சுண்ணாம்போ சிமெண்டோ தெறித்தால் கசக்கக் கூடாது. இமையை விரித்துப் பிடித்துச் சுத்தமான தண்ணீரை நிறைய, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுக் கழுவிய பின், உடனே கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.